உங்கள் செயலியைப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதா? முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை

பெர்லினில் ஒரு சிறிய குழு உருவாக்கிய செயலி வுண்டர்லிஸ்ட். மளிகைப் பட்டியலில் தொடங்கி அலுவலக வேலை வரை எல்லாவற்றையும் அதில் குறித்துவைத்துப் பழகியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2015 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2017-இல் அதே வேலையைச் செய்யும் ‘டூ டூ’ என்ற சொந்தச் செயலியை வெளியிட்டது. 2019 செப்டம்பரில், வுண்டர்லிஸ்ட்டை உருவாக்கிய கிறிஸ்டியன் ரீபர், மூட வேண்டாம், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ட்விட்டரில் எல்லார் முன்னாலும் கேட்டார். அது நடக்கவில்லை. 2020 மே 6 அன்று செயலி மூடப்பட்டது.

விற்றதற்கும் மூடியதற்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்தன. இப்படி ஒரு செய்தி வரும்போது நாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். முதல் வாரம் கோபம், அப்புறம் மறதி, மூடுவிழா அறிவிப்பு வந்ததும் கடைசி வாரத்தில் ஓட்டம். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்று ஊகிக்கத் தேவையில்லை. நம்முடைய பொருளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடிகிறதா என்பதைச் சோதித்து வைத்துக்கொண்டால் போதும். அந்தச் சோதனையைச் செய்ய நல்ல நேரம் முதல் மூன்று மாதம். பழைய குழு அப்போதுதான் இன்னும் வேலையில் இருக்கும், கேள்வி கேட்டு மின்னஞ்சல் எழுதினால் விஷயம் தெரிந்தவர் பதில் போடுவார்.

முதலில், அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள்

‘வாங்குகிறார்கள்’ என்பதும் ‘வாங்கிவிட்டார்கள்’ என்பதும் வேறு. வடிவமைப்பாளர்கள் விரும்பிப் பயன்படுத்தும் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி 2022 செப்டம்பரில் அறிவித்தது. பல வடிவமைப்பாளர்கள் அன்றைக்கே மாற்றுக் கருவி தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் போட்டிச் சட்ட அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2023 டிசம்பரில் இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அடோபி 100 கோடி டாலரை ஃபிக்மாவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே அறிவிப்பில் ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்று இருக்கிறதா, ‘அனுமதிக்குக் காத்திருக்கிறோம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். காத்திருப்பு என்றால் உங்களுக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

அடுத்து, எதை வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில நேரம் அவர்களுக்கு வேண்டியது ஆட்கள் மட்டும்தான். மேக் கணினியில் அழகான அஞ்சல் செயலியாக இருந்த ஸ்பாரோவைக் கூகுள் 2012 ஜூலையில் வாங்கியபோது, குழு ஜிமெயிலுக்குப் போகிறது, ஸ்பாரோவுக்குப் புதிய வசதி எதுவும் இனி வராது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ‘எங்கள் குழு அங்கே சேர்கிறது’ என்ற வரி இருந்து, செயலியின் அடுத்த ஆண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், அதை மூடுவதற்கு முந்தைய அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சில நேரம் தொழில்நுட்பம் வேண்டியிருக்கும். ஆப்பிள் 2020 மார்ச்சில் டார்க் ஸ்கை என்ற வானிலைச் செயலியை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு பயனர்களுக்கு அது நின்றுபோனது. அதன் வானிலைத் தரவை எடுத்து வேறு பலர் செயலிகள் கட்டியிருந்தார்கள். அந்த வழியும் 2023 மார்ச் முடிவில் அடைபட்டது. உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி, வாங்கியது ஆப்பிள் என்றால் மற்றவர்களைவிட நீங்கள் வேகமாக நகர வேண்டும்.

‘உங்களுக்கு எதுவும் மாறாது’ என்ற வரி அநேகமாக எல்லா அறிவிப்பிலும் இருக்கும். எழுதுகிறவர் பெரும்பாலும் உண்மையாக நம்பித்தான் எழுதுகிறார். ஆனால் முடிவு எடுக்கும் இடத்தில் அவர் இனி இல்லை. அந்த வரிக்காகக் கோபப்படவும் வேண்டாம், அதை நம்பி உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

உள்நுழைவு மின்னஞ்சலைச் சரிபாருங்கள்

ஐந்து நிமிட வேலை இது. பலர் இழந்தது இங்கேதான். மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மொஜாங்கை மைக்ரோசாஃப்ட் 2014-இல் 250 கோடி டாலருக்கு வாங்கியது. பல ஆண்டுகள் கழித்து, பழைய மொஜாங் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கான கெடு 2023 செப்டம்பரில் முடிந்தது. மாற்றாதவர்கள் பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டையே இழந்தார்கள். அறிவிப்புகளை மின்னஞ்சலிலும் அனுப்பினார்கள். பள்ளிக் காலத்தில் தொடங்கிய, கடவுச்சொல்கூட மறந்துபோன முகவரிக்கு அது போயிருந்தால் யார் பார்ப்பது?

அதனால் செயலியின் அமைப்புகளுக்குள் போய், இன்று நீங்கள் திறந்து பார்க்கும் முகவரியும் கைப்பேசி எண்ணும்தான் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை மாறியவர்கள் பழைய அலுவலக முகவரி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அப்புறம், அந்தச் செயலியின் கணக்கை வைத்து வேறு எங்கெல்லாம் உள்நுழைகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடங்களிலெல்லாம் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்ட தனி வழி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

தரவை வெளியே எடுங்கள், எடுத்ததைத் திறந்து பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. ஒரு விடுமுறை நாளின் காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

எக்ஸ்போர்ட் என்ற பொத்தான் அமைப்புகளில், பெரும்பாலும் ‘கணக்கு’ அல்லது ‘தனியுரிமை’ பகுதியில் இருக்கும். கைப்பேசிச் செயலியில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் கணினியில் தேடுங்கள். எவர்நோட் என்ற குறிப்புச் செயலியில் அப்படித்தான். குறிப்புகளை மொத்தமாக வெளியே எடுக்கும் வசதி கணினிச் செயலியில்தான் உண்டு. கூகுளின் பெரும்பாலான சேவைகளுக்கும் சேர்த்து டேக்அவுட் என்ற ஒரே பக்கம் இருக்கிறது.

பல வடிவங்களில் தருகிறோம் என்று சொன்னால், ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் நீங்கள் கண்ணால் படிப்பதற்கு. ஜேசன், எக்ஸ்எம்எல் போன்றவை அடுத்த செயலி படிப்பதற்கு. பிடிஎஃப் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வேறு செயலியில் ஏற்றும்போது திண்டாடுவீர்கள்.

இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். என் மாமியார் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் சமையல் குறிப்புகளை ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வைத்திருந்தேன். சிலவற்றை அவர் குரலிலேயே பதிவு செய்திருந்தேன். வற்றல் குழம்புக்கு எத்தனை மிளகாய் என்பதை அவர் ‘கையால அள்ளிப் பார்த்தா தெரியும்’ என்று சொல்லும் விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாதே. செயலி கைமாறியது. நானும் பொறுப்பாக எக்ஸ்போர்ட் செய்தேன், திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது, குரலும் ஒலித்தது. நிம்மதியாக வைத்துவிட்டேன். செயலி மூடி இரண்டு மாதம் கழித்து ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் திறந்தபோது எழுத்து மட்டும் இருந்தது. குரல் பதிவுகள் என் கணினிக்கு வரவே இல்லை. அந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்த கோப்புக்கு ஒரு இணைப்பை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். சர்வர் நின்றதும் அதுவும் நின்றது.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: எக்ஸ்போர்ட் கோப்பை இறக்கியதும் வைஃபையை அணையுங்கள். கைப்பேசி டேட்டாவையும் அணையுங்கள். அதற்குப் பிறகு திறந்து பாருங்கள். படங்கள் தெரிகின்றனவா? ஒலி ஓடுகிறதா? இணைத்த பிடிஎஃப்கள் திறக்கின்றனவா? தெரியாதவை எல்லாம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் இறக்க வேண்டியிருக்கலாம். அலுப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பட்டியல்கள் பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பாக வரும். அதை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்பதுண்டு. தரவு கெட்டுவிட்டது என்று பயந்து சிலர் கோப்பையே அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை. அது யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது, எக்செல் வேறு முறை என்று நினைத்துத் திறக்கிறது, அவ்வளவுதான். எக்செல்லின் டேட்டா பட்டியலில் ‘டெக்ஸ்ட் / சிஎஸ்வி’ வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, குறிமுறையாக 65001 என்ற எண்ணோடு இருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள். எக்செல் போன்ற இலவசச் செயலியான லிப்ரே ஆஃபீஸ் கால்க், கோப்பைத் திறக்கும்போதே எந்தக் குறிமுறை என்று கேட்டுவிடும். ஒன்று மட்டும் கவனம்: குழம்பிய எழுத்தோடு இருக்கும் கோப்பை அப்படியே சேமித்துவிடாதீர்கள். சேமித்தால் நிஜமாகவே கெட்டுவிடும்.

கோப்புகளைத் தவிர, நீங்கள் செயலிக்குள் உழைத்துச் சேர்த்தது வேறு ஒன்றும் இருக்கிறது. வகைப்பாடு, தேதி, யார் யார் எந்தப் படத்தில் என்ற குறிப்பு, ஆல்பங்கள். கூகுள் 2004-இல் வாங்கி 2016-இல் கைவிட்ட பிகாசாவை நினைத்துப் பாருங்கள். படங்கள் நம் கணினியிலேயே இருந்ததால் அவற்றுக்கு ஆபத்து இல்லை. ஆனால் படத்தில் செய்த திருத்தங்களையும், அத்தை, சித்தப்பா என்று உட்கார்ந்து முகம் முகமாகக் குறித்த பெயர்களையும் பிகாசா பெரும்பாலும் தன் தனிக் கோப்புகளில்தான் வைத்திருந்தது. படத்தை மட்டும் புதுக் கணினிக்கு நகலெடுத்தவர்களுக்கு அந்த உழைப்பு கூடவே வரவில்லை. டேக்அவுட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: படம் ஒரு கோப்பு, அதன் விவரம் பக்கத்திலேயே ஒரு ஜேசன் கோப்பு. அந்தச் சின்னக் கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

நிரல் எழுதுகிறவர்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து ‘கிட் குளோன்’ கட்டளையை ‘மிரர்’ தெரிவோடு கொடுத்தால் முழு வரலாறும் கிளைகளும் வந்துவிடும். ஆனால் பிழை அறிக்கைகள், அவற்றின் கீழ் நடந்த விவாதங்கள் எல்லாம் அதில் வராது. விக்கியும் தனிக் களஞ்சியம், அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஹார்ட் டிஸ்க், மற்றது அந்தச் செயலியை வாங்கிய நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ஒரு மேகச் சேமிப்பு. கோப்புறையின் பெயரிலேயே தேதியைப் போடுங்கள்.

பணம்

ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தால் அதை நிறுத்துங்கள். நிறுத்தினாலும் கட்டிய காலம் வரை பெரும்பாலும் பயன்படுத்தலாம். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் சந்தாப் பக்கத்தையும், யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியையும் பாருங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. தொடர விரும்பினால் ஒரு வருடத்துக்கு மாதச் சந்தாவாகவே கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. எவர்நோட்டை இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் வாங்கியபின் சந்தா உயர்ந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு ஐம்பது குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் என்று வரம்பு வந்தது.

தனியுரிமைக் கொள்கையை இன்றே சேமித்து வையுங்கள்

தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்து பிடிஎஃப்பாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதியது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் இருக்க வேண்டும். முழுவதையும் படிக்க முடியாவிட்டாலும் மூன்று இடங்களைத் தேடுங்கள்: ‘குழும நிறுவனங்களோடு பகிர்வது’, ‘விளம்பரம்’, ‘எங்கள் சேவைகளை மேம்படுத்துவது’. மூன்றாவதில்தான் இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பதும் அடங்கியிருக்கக்கூடும்.

வாட்ஸ்அப் கதை இதற்குச் சரியான பாடம். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அதை வாங்குவதாக அறிவித்தபோது, பயனர்களுக்கு எதுவும் மாறாது என்று உறுதி தந்தார்கள். இரண்டு கணக்குகளையும் நம்பகமாகத் தானியங்கி முறையில் பொருத்திப் பார்க்க முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபேஸ்புக் சொன்னது. 2016 ஆகஸ்டில் புதிய கொள்கை வந்தது. கைப்பேசி எண் ஃபேஸ்புக்கோடு பகிரப்படும், வேண்டாம் என்றால் பழைய பயனர்கள் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு 2014-லேயே இருந்தது என்று கண்டறிந்த ஆணையம், தவறான தகவல் தந்ததற்காக 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021 கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையமும் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் கட்டினாலும் போன தகவல் திரும்பி வராது. அந்த முப்பது நாள் கெடுவைப் பாருங்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ‘கொள்கை மாறியுள்ளது’ என்ற மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே அமைப்புகளைத் திறந்து, அணைக்க முடிந்ததையெல்லாம் அணையுங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு என்ன உண்டு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2018 முதல், தன் தரவை வேறு சேவைக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருக்கிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை இருக்கிறது. எடுத்துச் செல்லும் உரிமை முந்தைய வரைவில் இருந்தது, சட்டமாகும்போது இல்லை. ஆகவே எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கும்போதே அழுத்திவிட வேண்டும்.

திறமூல மென்பொருளா என்று பாருங்கள்

மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் அனுமதிக்கும் மென்பொருள்தான் திறமூல மென்பொருள். இது நிலைமையையே மாற்றிவிடும். ஓப்பன் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வளர்த்த சன் நிறுவனம் 2010 ஜனவரியில் ஆரக்கிளின் கைக்குப் போனது. கவலைப்பட்ட நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து லிப்ரே ஆஃபீஸைத் தொடங்கினார்கள். உரிமம் அதை அனுமதித்தது, யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று அதுதான் தொடர்ந்து வளர்ந்து நிற்கிறது. சன்னிடம் இருந்த மைசீக்வெல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கும் இதே பயம் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ், பிரிந்து மரியாடிபியைத் தொடங்கினார். மை என்பது அவருடைய மூத்த மகளின் பெயர், மரியா இளையவள்.

உங்கள் செயலி திறமூலமாக இருந்தால், பிரிந்து போகும் கிளை எது, பழைய குழுவில் யார் யார் அங்கே போகிறார்கள் என்று ஓரிரு மாதம் கவனியுங்கள். பெயர் மட்டும் புதிதாக, ஒரே ஒருவர் வேலை செய்யும் கிளைக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: திறமூலம் என்பது நிரலுக்குத்தான். சர்வர் அவர்களுடையது என்றால், உங்கள் தரவுக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும்.

போவதா, இருப்பதா

எல்லா விற்பனையும் கெட்டதில் முடிவதில்லை. 2018 ஜூன் 4 அன்று மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது பலர் அந்த வாரமே அதன் போட்டித் தளமான கிட்லேபுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2019 ஜனவரியில் தனிப்பட்ட களஞ்சியங்கள் இலவசமாயின, 2020-இல் குழுக்களுக்கும் அடிப்படை வசதிகள் இலவசமாயின. இருந்தவர்களுக்கு லாபம்தான். பிறகு, அங்கே பொதுவில் இருந்த நிரல்களை வைத்துப் பயிற்றுவித்த, நிரல் எழுத உதவும் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தது, 2022-இல் வழக்கும் வந்தது. 2025 ஆகஸ்டில் தலைமை நிர்வாகி விலகுவதாகச் சொன்னதோடு, கிட்ஹப் மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குள் சேர்க்கப்பட்டது. ஏழு ஆண்டில் ஒரே செயலிக்கு நல்லதும் நடந்தது, கவலைக்குரியதும் நடந்தது. முதல் வாரத்தில் எதையும் தீர்மானிக்க முடியாது.

அதனால் மாற்றுச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் கோப்பை அதில் ஏற்றிப் பாருங்கள். எவர்நோட் கோப்பை ஜாப்ளின் என்ற குறிப்புச் செயலி படிக்கும், அதுபோல பலவற்றுக்கும் ஒன்று இருக்கும். ஒரு மாதம் புதிய குறிப்புகளை மட்டும் அங்கே எழுதுங்கள், பழையது பழைய இடத்திலேயே இருக்கட்டும். கை பழகுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். குழுவாக, குடும்பமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் எல்லாரும் ஒரே நாளில் மாறுங்கள். பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்கும் என்றால் இரண்டு இடத்திலும் குழப்பம்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து மாற்றிக் கொடுங்கள். 2011-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச அந்த நீலப் பொத்தானை மட்டுமே பழகியிருந்தவர்களுக்கு, மாற்று எது என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டியிருந்தது.

இருப்பது என்று முடிவெடுத்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்போர்ட் எடுக்கக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். போவது என்று முடிவெடுத்தால், புதிய இடத்தில் எல்லாம் இருக்கிறது என்று உறுதியான பிறகு, பழைய கணக்கிலிருந்து இன்னொரு முறை, கடைசி எக்ஸ்போர்ட் எடுங்கள். வைஃபையை அணைத்துத் திறந்து பாருங்கள். அதற்கப்புறம் செயலியை நீக்குவதோடு நிறுத்தாமல், கணக்கையே அழிக்கும் பக்கத்துக்குப் போய் அழித்து, ‘அழிக்கப்பட்டது’ என்று வரும் மின்னஞ்சலை அந்தத் தேதி போட்ட கோப்புறையிலேயே சேர்த்து வையுங்கள்.